நந்தனாரின் சுற்றத்தார்

சென்ற புரட்டாதித் திங்களில், உரோகிணி நாளை ஒட்டி, திருநாளைப்போவார் நாயனாரின் வரலாற்றை நாம் பணிபுரியும் கல்லூரியில் மாணவர்க்கு எடுத்துரைத்தோம். ஆண்டுதோறும் செய்வதுதான். ஆதனூரிலே தொடங்கி, திருப்புன்கூரில் நந்தி விலகி வழிவிட்ட அற்புதத்தைக் கூறி, தில்லையிலே தீயினுள் இறங்கி எழுந்த நாயனார் அம்பலத்தை அடைந்து மறைந்தருளினார் என்று முடித்தோம். வகுப்பு வழக்கம்போல் அமைதியாக இருந்தது. அப்பொழுது கடைசி வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். அதிகம் வாய் திறவாதவன். கொட்டாஞ்சேனைப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருபவன்.

"சேர், நந்தனார் தில்லைக்கு உள்ளே போனார். அவருடைய சேரியில் இருந்த மற்ற ஆட்கள் எப்போது உள்ளே போனார்கள்?"

வாசகர்களே, இருபது ஆண்டுகளாகப் பெரிய புராணம் கற்பித்து வருகின்றோம். இந்த வினாவை எம்மிடம் ஒருவரும் கேட்டதில்லை. நாமும் எம்மை ஒருநாளாவது கேட்டுக்கொண்டதில்லை. "அடுத்த பாடத்தில் சொல்லுவோம், தம்பி" என்று கூறி, மணி அடித்ததைச் சாக்காகக் கொண்டு வெளியே வந்தோம்.

அன்று மாலை வெள்ளவத்தைக் காலி வீதியில் நடந்து வருகையில் செருப்பின் வார் அறுந்தது. நடைபாதை ஓரத்தில், கிழிந்த குடையொன்றின் நிழலில், ஊசியும் நூலும் மெழுகுமாக ஒரு முதியவர் அமர்ந்திருந்தார். செருப்பைக் கொடுத்துவிட்டு நின்ற நேரத்தில் பேச்சுக் கொடுத்தோம். மலைநாட்டிலிருந்து சிறு வயதிலே கொழும்புக்கு வந்தவராம். தொழில் தந்தையாரிடம் கற்றது என்றார்.

"எங்கப்பா செருப்பும் தைப்பாரு, மேளமும் கட்டுவாருங்க, ஐயா. தோட்டத்துக் கோயில் மேளத்துக்குத் தோலு அவருதான் கட்டிக் குடுத்தாரு. ஆனா அந்த மேளம் அடிக்கிறத வெளியில நின்னுதான் கேட்டாரு."

அவர் இதனைக் குறையாகக் கூறவில்லை. வானிலையைப் பற்றிக் கூறுவது போலவே கூறிவிட்டு, வாரை இழுத்துப் பார்த்து, செருப்பைக் கீழே வைத்தார். எமக்கோ காலையில் வகுப்பில் எழுந்த வினா மீண்டும் எழுந்து நின்றது. நந்தனார் செய்த திருப்பணியும் அதுவன்றோ! சிவாலயங்களின் பேரிகைக்கும் முரசுக்கும் வேண்டிய தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் வேண்டிய நரம்பும், பூசைக்கு வேண்டிய கோரோசனையும் கொடுத்துவந்தவர் அவர். அவர் கொடுத்த தோல் கருவறையின் அயல்வரை சென்றது. கொடுத்த கை திருவாயிலின் புறத்தே நின்றது.

இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தபோது, வடநாட்டிலே நந்தனாரைப் போலத் தோற்றொழில் செய்யும் குலத்திற் பிறந்த ஓர் அடியாரை நாம் சந்திக்க நேர்ந்தது. அவருடைய சுற்றத்தார் அம்மாணவன் கேட்ட அதே வினாவைத் தாமே கேட்டு, தாமே ஒரு விடையும் கண்டிருக்கின்றனர். அதனை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காசியில் ஒரு தொழிலாளி

ரவிதாசர் என்றும் ரைதாசர் என்றும் அழைக்கப்படும் அவ்வடியார் 15, 16ஆம் நூற்றாண்டுகளில், கங்கைக் கரையிலுள்ள காசி மாநகரின் அயலிலே வாழ்ந்தவர். சீர் கோவர்த்தன்பூர் என்னும் சிற்றூரே அவர் பிறந்த ஊர் என்று அவருடைய அடியார்கள் போற்றுகின்றனர். இறந்த மாட்டின் தோலை உரித்துப் பதனிட்டுச் செருப்புத் தைக்கும் சமார் குலத்தவர். நகரத்தார் அவர்கள் தைத்த செருப்பை அணிந்தனர். அவர்கள் நிழலை அஞ்சினர்.

ரவிதாசர் தம் தொழிலை மறைத்தவரல்லர். தம் பாடல்களிலே தமது குலத்தையும் தொழிலையும் வெளிப்படையாகவே கூறுகின்றார். கபீரைப் போன்று உருவமற்ற ஒரே பரம்பொருளைப் பாடினார். தைத்த செருப்பைத் துறவியர்க்கு விலையின்றிக் கொடுத்துவிடுவார் என்றும், வீட்டார் அதனால் சினந்து அவரைத் தனியே வாழ விட்டனர் என்றும் கதைகள் கூறுகின்றன.

அவரைப் பற்றி வழங்கும் கதைகளுள் ஒன்று வடநாட்டிற் சிறு குழந்தையும் அறிந்தது. கங்கையில் நீராடச் சென்ற அந்தணர் ஒருவரிடம் ரவிதாசர் சிறு காசொன்றைக் கொடுத்து, அதனைத் தம் காணிக்கையாகச் சேர்ப்பிக்குமாறு வேண்டினார். காசை நீட்டியபோது கங்கையாள் தானே கை நீட்டி வாங்கி, ஈடாகப் பொற்காப்பு ஒன்றைக் கொடுத்தாள். காப்பு அரசனிடம் போய்ச் சேர, அதன் இணையைக் கொண்டுவருமாறு அரசன் ஆணையிட்டான். நடுங்கிய அந்தணர் ரவிதாசரிடம் ஓடி வந்தார். ரவிதாசர் எழுந்து கங்கைக்குச் செல்லவில்லை. பக்கத்திலே தோல் ஊறவைத்திருந்த மரத்தொட்டியில் கையை விட்டார், இணைக்காப்பு வந்தது.

தூய நதி எங்கோ தொலைவில் இல்லை, உழைப்பவனுடைய ஊறல் தொட்டியிலே இருக்கிறது என்பது இதன் கருத்து. அத்தொட்டியின் நாற்றத்தைக் கூறித்தானே அவரை ஊருக்குப் புறத்தே வைத்தனர்! அதனிடத்திலேயே கங்கையைக் கண்டது அக்கதை.

1604ஆம் ஆண்டில் குரு அர்ஜுன் தேவர் சீக்கியர்தம் திருமறையைத் தொகுத்தபோது, ரவிதாசரின் 40 பாடல்களை அதிலே சேர்த்தார். அவற்றுள் ஒன்று, துயரமே இல்லாத ஒரு நகரைப் பாடுவது. 'பேகம்புரா' என்பது அந்நகரின் பெயர். அங்கே வரி இல்லை, அச்சம் இல்லை, இரண்டாந்தரத்தார் மூன்றாந்தரத்தார் என்ற பேதம் இல்லை, விரும்பிய இடமெல்லாம் எவரும் தடையின்றி நடக்கலாம். மோட்ச உலகைப் பாடிய அடியார்கள் பலர். தெருவில் தடையின்றி நடப்பதையே பேரின்பமாகக் கண்டு பாடியவர் இவர். தெருவில் நடக்க விடப்படாத ஒருவருக்கே அத்தகைய கனவு தோன்றும்.

இரண்டு பூணூல்கள்

ரவிதாசரின் புகழ் பரவியபின், இராசபுதனத்துச் சித்தோர் நகரின் அரசி ஒருத்தி அவரைக் குருவாகக் கொண்டாள் என்பது வழக்கு. மீராபாயின் குருவும் அவரே என்று பலர் நம்புகின்றனர். சித்தோர்க் கோட்டையில் மீரா கோயிலின் எதிரே, ரவிதாசரின் திருவடி பதித்த சிறு மண்டபமொன்று இன்றும் உளது.

அரசியின் விருந்திலே அந்தணர்கள் அவரோடு ஒரே பந்தியில் அமர மறுத்தனராம். அமர்ந்தபோதோ, ஒவ்வோர் இருவர்க்கு இடையிலும் ஒரு ரவிதாசர் வீற்றிருக்கக் கண்டனர். பின்னர் அவர் தம் மார்பைக் கீறி, உள்ளே பொன்னாலான பூணூலைக் காட்டினார் என்று பிற்காலத்து உரையாசிரியர் எழுதி வைத்தனர். முற்பிறவியில் அவர் அந்தணரே என்பது அதற்குக் கூறிய காரணம்.

வாசகர்களுக்கு இது எதனை நினைவூட்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தில்லைத் தீயினின்றும் எழுந்த நந்தனாரும் மார்பிலே பூணூல் விளங்க, மாமுனிவர் வடிவத்தோடு எழுந்தார் என்றே நாம் கற்றும் கற்பித்தும் வருகின்றோம். ஆயிரம் கல் தொலைவிலே, வெவ்வேறு மொழியிலே, வெவ்வேறு காலத்திலே எழுந்த இரண்டு வரலாறுகள் ஒரே பூணூலில் வந்து முடிவது வியப்பல்லவா?

சேக்கிழார் பெருமானின் அன்பிலே குறை காண நாம் துணியோம். தீண்டத்தகாதவர் என்று உலகம் ஒதுக்கியவரை அறுபத்து மூவருள் ஒருவராக வைத்துப் போற்றியதும், தில்லைவாழ் அந்தணர் அவரைத் தொழுது நிற்கும் காட்சியைத் தீட்டியதும் சிறிய செயல்களல்ல. ஆயினும் மாணவனின் வினா ஓயவில்லை. நந்தனார் உள்ளே சென்றார். ஆனால் ஆதனூர்ப் புலையராகச் செல்லவில்லை. அவ்வடிவத்தைத் தீயிலே விட்டுவிட்டுச் சென்றார். அவர் பின்னே அவருடைய சுற்றத்தாருக்கு வழி திறந்திருக்கவில்லை. ஏனெனில் திறந்த வழி அவருக்கென்றே திறந்த அற்புதம். அற்புதம் ஒருவருக்கு நிகழும். வாயில் எல்லாருக்கும் திறக்க வேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையைப் பாடியபோது, பெரிய புராணத்தில் இல்லாத வேதியர் ஒருவரைப் படைத்து, நாற்பது வேலி நிலத்தையும் அறுவடை செய்து முடித்தபின்பே தில்லைக்குப் போகலாம் என்று அவர் கட்டளையிடும்படி செய்தார். அதன் வழியே நந்தனாரின் துயரம் அடிமைப்பட்ட உழவனின் துயரமாகவும் மக்கள் மனத்தில் பதிந்தது. 1935இல் கே. பி. சுந்தராம்பாளும், 1942இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்த திரைப்படங்களைப் பற்றி எமது வீட்டு முதியோர் கண்ணீரோடு பேசக் கேட்டிருக்கின்றோம். அழுத கண்கள் கொட்டகையை விட்டு வெளியே வந்ததும் உலர்ந்துவிட்டன என்பதையும் மறைக்காமல் கூற வேண்டும்.

மறுபுறத்திலே, தாழ்த்தப்பட்ட மக்களிடையே தோன்றிய அறிஞர்கள் இவ்வரலாற்றை வேறு வகையாக நோக்கினர். அயோத்திதாசப் பண்டிதர் (1845 - 1914) நந்தனை ஒரு பௌத்த மன்னன் என்றே கொண்டார். ரவிதாசரின் வழிவந்தோர் பலரும் பொற்பூணூற் கதையை ஏற்பதில்லை. எம் குரு செருப்புத் தைத்தவராகவே குருவானார், வேறொருவராக மாறி அல்லர் என்பது அவர்கள் கூற்று.

இலங்கை வழியாகச் சென்றவர்

ரவிதாசரின் சுற்றத்தார் கண்ட விடையைக் கூறப் புகுமுன், அவர்களுள் ஒருவர் நம் நாட்டின் வழியாகச் சென்ற செய்தியைக் கூறவேண்டும். அவர் பெயர் மங்கு ராம். பஞ்சாப் மாகாணத்து ஓசியார்பூர் மாவட்டத்திலே, முகோவால் என்னும் ஊரில், தோல் வணிகம் செய்த சமார் குடும்பத்தில் 1886இல் பிறந்தவர். பள்ளியிலே வகுப்பறைக்கு வெளியே அமர்ந்து பாடம் கேட்டவர். 1909இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்குச் சென்று பழத்தோட்டங்களில் உழைத்தார். அங்கே இந்திய விடுதலைக்காகத் தோன்றிய கதர் கட்சியிற் சேர்ந்து, 1915இல் ஆயுதம் கடத்தும் முயற்சியில் ஈடுபட்டு, பல்லாண்டுகள் அயல்நாடுகளில் மறைந்து வாழ்ந்தார்.

1925இல் தாயகம் திரும்பியபோது அவர் முதலில் வந்திறங்கியது இலங்கையிலே. இங்கிருந்து மதுரை, சென்னை, பம்பாய் வழியாகப் பஞ்சாப் சென்றார். வழிநெடுகிலும் தம் மக்கள் நடத்தப்பட்ட முறையைக் கண்டு மனம் நொந்தார். மதுரை மீனாட்சியம்மன் கோயில் அப்பொழுது அவருடைய இனத்தவருக்கு அடைத்தே இருந்தது. வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு அக்கோயிலினுள் நுழைந்தது அதற்குப் பதினான்கு ஆண்டுகளின் பின்னர், 1939 யூலையிலே.

ஊர் சேர்ந்த மங்கு ராம், 1926இல் முகோவாலில் ஒரு மாநாட்டைக் கூட்டி, 'ஆதி தர்மம்' என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். நாம் இந்துவுமல்லோம், சீக்கியருமல்லோம், முஸ்லிமுமல்லோம். இந்நாட்டின் ஆதி மக்கள். எமக்கென்று ஒரு சமயம் உண்டு என்பது அவர்கள் முழக்கம். ரவிதாசர், வால்மீகி, கபீர், நாமதேவர் ஆகியோரைத் தம் குருமாராக அறிவித்தனர். 1931ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலே பஞ்சாபில் 418,789 பேர் தம் சமயம் ஆதி தர்மம் என்று பதிந்தனர். அடியார் ஒருவரின் பெயர், ஒதுக்கப்பட்ட மக்களுக்குத் தலைநிமிர்ந்து கூறும் முகவரியாயிற்று.

கோயிலும் சமயமும்

அடுத்த படி, ரவிதாசர் பிறந்த ஊரிலே நிகழ்ந்தது. பஞ்சாபின் ஜலந்தர் நகருக்கு அண்மையிலுள்ள பல்லான் என்னும் ஊரில் இம்மக்களின் மடம் ஒன்று உளது. அதன் தலைவராயிருந்த சந்த் சர்வண் தாசரின் முயற்சியால், 1965இல் சீர் கோவர்த்தன்பூரிலே ரவிதாசருக்குக் கோயில் எழுப்ப அடிக்கல் நாட்டப்பட்டது. இன்று அது பொற்கலசம் ஒளிரும் பெருங்கோயில். ஒவ்வோர் ஆண்டும் மாக மாதப் பூரணையிலே, குருவின் பிறந்தநாளன்று, பஞ்சாபிலிருந்தும் பிரித்தானியா, கனடா முதலிய நாடுகளிலிருந்தும் இலட்சக் கணக்கானோர் அங்கே திரளுகின்றனர். ஜலந்தரிலிருந்து காசிக்கு அவர்களை ஏற்றிச் செல்லும் சிறப்பு இரயிலுக்குப் பேகம்புரா என்றே பெயர். துயரமற்ற நகரைப் பாடியவரின் கனவு, புகைவண்டிப் பெட்டியின் மேல் எழுதப்பட்டிருக்கிறது!

இவ்விழாவின் வலிமைக்கு ஒரு சான்று கூறலாம். 2022ஆம் ஆண்டு பஞ்சாப் சட்டசபைத் தேர்தலை பெப்ரவரி 14ஆம் திகதி நடத்த இந்தியத் தேர்தல் ஆணையம் முடிவு செய்திருந்தது. விழா 16ஆம் திகதி. மக்கள் காசிக்குச் சென்றுவிடுவர் என்று எல்லாக் கட்சியினரும் முறையிட, தேர்தல் 20ஆம் திகதிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. பஞ்சாப் மக்களுள் ஏறக்குறைய மூவரில் ஒருவர் தாழ்த்தப்பட்ட சாதியினர் என்பது 2011ஆம் ஆண்டுக் கணக்கு. ஒருகாலத்தில் தெருவில் நடக்க விடப்படாதவர்களின் குருவுக்காகத் தேர்தலே காத்து நின்றது.

ஆயினும் அவர்கள் பாதை எளிதாக அமையவில்லை. 2009 மே 24ஆம் திகதி, ஒஸ்திரியாவின் வியன்னா நகரிலுள்ள ரவிதாசர் கோயிலிலே, வழிபாட்டு வேளையில் ஆயுதம் தாங்கியோர் புகுந்து தாக்கினர். பல்லான் மடத்தைச் சேர்ந்த சந்த் இராமானந்தர் உயிரிழந்தார். மடத்தின் தலைவரான சந்த் நிரஞ்சன் தாசர் காயமுற்றார். சீக்கியத் திருமறை முன்னிலையில் உயிரோடிருக்கும் சந்த்களுக்கு வணக்கம் செலுத்துவதைப் பற்றிய பிணக்கு அதன் பின்னணியில் இருந்தது. பஞ்சாபே கொந்தளித்தது.

எட்டு மாதங்களின் பின், 2010 சனவரி 30ஆம் திகதி, குருவின் பிறந்தநாளன்று, சீர் கோவர்த்தன்பூரிலே கூடியிருந்த பெருந்திரளின் முன் புதிய சமயம் ஒன்று அறிவிக்கப்பட்டது. 'ரவிதாசிய' சமயம் என்பது அதன் பெயர். ரவிதாசரின் 240 பாடல்களைத் தொகுத்த 'அமிர்தவாணி' அதன் மறைநூல். எல்லா ரவிதாசர் அடியார்களும் இதனை ஏற்றனர் என்பதற்கில்லை. பல கோயில்களில் இன்றும் சீக்கியத் திருமறையே வீற்றிருக்கிறது. ஒரே குடும்பத்தில் இரு கருத்தினரும் உளர். ஆயினும், பிறர் வீட்டு வாயிலிலே ஐந்நூறு ஆண்டுகள் நின்ற ஒரு கூட்டத்தார், இனி எமக்கு எம் வீடே போதும் என்று கூறிய நாள் அது.

அவர்கள் செய்தது சரியா தவறா என்று தீர்ப்புரைப்பது எமது பணியன்று. இது நமக்குக் கற்பிப்பது ஒன்று உண்டு. அடியாரை எடுத்துக்கொண்டு அடியாரின் சுற்றத்தாரைப் புறத்தே விட்டால், ஒருநாள் சுற்றத்தார் வந்து தம் அடியாரைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிடுவர்.

விடைகள் சில

இனி, மாணவனின் வினாவுக்கு நேரான விடை. சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத் தொகையிலே நாளைப்போவாரின் பெயரைக் குறித்தது 8ஆம் நூற்றாண்டளவில். நந்தனாரின் இனத்தவர் ஆலயங்களினுள் நுழையலாம் என்று சென்னை மாகாணம் முழுவதற்குமாகச் சட்டம் வகுத்தது 1947இல். இடைப்பட்ட காலம் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் மேல்! இவ்வளவு காலமும் அவருக்குக் குருபூசை தவறாது நடந்துவந்தது.

மராட்டிய நாட்டிலும் இதே கதை. பண்டரிபுரத்து விட்டலனின் அடியாரான சோகாமேளர் மகார் குலத்தவர். 1338இல் மதில் இடிந்து விழுந்து உயிர் நீத்த அவருடைய சமாதி, கோயிற் படியின் அடியிலே இருக்கிறது. உள்ளே செல்லும் அடியார் அனைவரும் அதனை வணங்கிச் சென்றனர். அவருடைய இனத்தவர் அப்படிக்கு மேல் ஏறியதோ, 1947 மே மாதத்தில் சானே குருஜி உண்ணாநோன்பு இருந்த பின்னர்.

தமிழகத்தில், வாயிலைச் சட்டம் திறக்குமுன் அறிவின் வாயிலைத் திறக்க முயன்றவர் சுவாமி சகசானந்தர் (1890 - 1959). தாழ்த்தப்பட்ட குலத்திற் பிறந்து துறவு பூண்ட அவர், 1916இல் சிதம்பரத்திலேயே நந்தனார் பெயரால் ஒரு பாடசாலையைத் தொடங்கினார். நந்தனாரைப் புகழ்ந்த ஊரில் நந்தனாரின் பிள்ளைகளுக்குப் பாடசாலை அமைத்த அச்செயல், குருபூசைகளுள் சிறந்த குருபூசை என்போம்.

நம் நாட்டுக்கு வருவோம். 1927 நவம்பரில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்திலும் தீண்டாமையைக் கண்டித்துப் பேசினார். ஆயினும் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் எல்லாருக்கும் திறந்தது 1956இலே. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்த பின்பும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயிலிலே தாழ்த்தப்பட்ட மக்கள் சத்தியாக்கிரகம் இருக்க நேர்ந்தது. முன்னாள் அமைச்சரும் கணிதப் பேராசிரியருமான சி. சுந்தரலிங்கம் அவர்களை மறித்து நின்றார். அவ்வழக்கு இலண்டனிலுள்ள பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. நாவலர் பெருமான் 1852இலேயே பெரிய புராணத்தை வசனமாக்கி வெளியிட, திருநாளைப்போவார் வரலாற்றை வீடுதோறும் படித்த நாடு இது! படித்தோர் பலர், படித்ததை வாயிலுக்குக் கொண்டுசென்றோர் சிலர்.

தகரப் பேணி

பிறரைச் சுட்டிக் கூறிவிட்டு எம்மை மறைப்பது ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று. நாம் பிறந்தது யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில். வீட்டின் பின்புறத்திலே, வேலிக் கதியால் ஒன்றின்மேல், தகரப் பேணி ஒன்று எப்பொழுதும் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். தோட்டம் கொத்த வரும் முதியவருக்கு அதிலேதான் தேநீர். அவரே அதனை எடுத்து நீட்டுவார். நாம் பேணியில் முட்டாமல் உயரத்திலிருந்து வார்ப்போம். குடித்தபின் அவரே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். எட்டு வயதில் அத்தேநீரை வார்த்த கை எமது கை.

அதே வீட்டில் மாலைதோறும் பேத்தியார் பெரிய புராண வசனம் படிப்பார். நந்தனார் தில்லையின் எல்லையில் நின்று ஏங்கும் இடம் வரும்போது அவருடைய குரல் தழுதழுக்கும். நாமும் அழுதிருக்கின்றோம். சாளரத்துக்கு அப்பால், வேலியில், அப்பேணி இருந்தது. பேத்தியார் கொடியவர் அல்லர்; அம்முதியவரின் மகளின் கலியாணத்துக்குச் சேலை கொடுத்தவர். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எவரும் அவருக்குக் கற்பிக்கவில்லை. எமக்கும் கற்பிக்கவில்லை. கடைசி வாங்கு மாணவன் கற்பித்தான்.

போர் வந்தது, கிராமம் குலைந்தது, நாம் கொழும்பு வந்து சேர்ந்தோம். வெள்ளவத்தையின் அடுக்குமாடிகளிலே வேலியும் இல்லை, கதியாலும் இல்லை. இங்குள்ள கோயில்களின் வாயிலில் எவரும் எவரையும் குலம் கேட்பதில்லை. கொட்டாஞ்சேனையில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லிலே கட்டுவித்த பொன்னம்பலவாணேசுவரர் கோயிலில் எல்லாரும் ஒருங்கே நின்று தொழக் காண்கின்றோம். மகிழ்ச்சிதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளிலே மணமக்கள் தேவை என்னும் பகுதியைப் புரட்டிப் பாருங்கள். பட்டம் பெற்ற மருத்துவருக்கும், பொறியியலாளருக்கும், வெளிநாட்டில் வதியும் கணக்காளருக்கும் சாதி குறித்து மணமக்கள் தேடப்படுகின்றனர். பேணி வேலியினின்றும் இறங்கிவிட்டது. வீட்டுக்குள் வந்து, அலுமாரியிலே, சாதகக் கட்டின் பக்கத்தில் அமர்ந்திருக்கிறது.

அடுத்த பாடத்திலே அம்மாணவனுக்கு விடை கூறினோம். காசியையும் பண்டரிபுரத்தையும் தில்லையையும் நல்லூரையும் மாவிட்டபுரத்தையும் ஆண்டுகளோடு கரும்பலகையில் எழுதினோம். அவன் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டான். பின்பு மெல்லக் கேட்டான்:

"அப்படியென்றால் சேர், நந்தனார் தனியாகத்தானே போயிருக்கிறார்?"

"அன்று தனியாகத்தான் போனார், தம்பி. அவருடைய ஆட்கள் இப்போதுதான் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் போய் முடியும் மட்டும் கதை முடியாது" என்றோம்.

அவன் தலையசைத்து அமர்ந்தான். அவ்விடை அவனுக்கு நிறைவளித்ததோ இல்லையோ, எமது பாடக்குறிப்பில் இனி அந்த ஆண்டுகளும் இருக்கும். 1947, 1956, 1968 என்று வரிசையாக எழுதிய அப்பட்டியலின் கடைசியில் ஓர் இடத்தை வெறுமையாக விட்டிருக்கின்றோம். அது எமது வீட்டுக்குரியது. எமக்கு மணப்பருவத்தை நெருங்கும் மகள் ஒருத்தி இருக்கின்றாள். அவள் ஒருநாள் எம்முன் வந்து ஒருவரின் பெயரைக் கூறும்போது, நாம் முதலில் என்ன கேட்போம் என்பதைப் பொறுத்தே அந்த இடம் நிரம்பும்.

வாசகர்களே, திருநாளைப்போவாருக்கு அடுத்த புரட்டாதியிலும் குருபூசை வரும். பூவும் தீபமும் குறைவின்றி இருக்கும். அவருடைய சுற்றத்தாருக்கு நம் வீட்டுத் திண்ணையிலும், அடுக்களையிலும், பந்தியிலும், மணவறையிலும் இடம் உண்டா என்பதை அன்று ஒவ்வொருவரும் தம் மனத்தைக் கேட்பாராயின், அதுவே நாயனார் உவக்கும் பூசையாகும். நாளை போவோம், நாளை போவோம் என்று கூறியே காத்திருந்தவர் அவர். அவருடைய மக்களையும் நாளை என்று கூறி இன்னும் காக்க வைத்தல் முறையன்று.